வரப்பில் கேட்டறிந்ததற்கு ஆய்வாளர் ஃபஹ்மிதா பொறுப்பல்ல

அனுப்புநர்
ம. செவ்வந்தி (வயது 44),
நடவு ஆட்கள் குழுத் தலைவி,
தென்கரைத் தெரு, புங்கன்திடல்,
மன்னார்குடி வட்டம்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
ஆராய்ச்சி அறநெறிக் குழு,
பொன்னிவளம் மருத்துவப் பல்கலைக்கழகம்.

பொருள்: உப்பு ஆய்வில் விதிமீறல் எனக் கூறி ஆய்வாளர் செல்வி ஃபஹ்மிதா பணியிலிருந்து நிறுத்தப்பட்டது – விதியை மீறியவர்கள் நாங்களே – அவரை மீண்டும் பணியில் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்ட தங்கள் பல்கலைக்கழகக் கடிதம், நாள் 10.02.2025.

மரியாதைக்குரிய ஐயா (தலைவர் அம்மையாராக இருப்பின் பொறுத்தருள வேண்டும்),

ஆய்வில் சேரும்போது எங்களிடம் கையெழுத்து வாங்கிய தாளின் அடியில், குறை ஏதும் இருந்தால் தங்களுக்கு எழுதலாம் என்று அச்சிட்டிருந்தது. அதை நம்பி எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். தெருவிளக்குக்கும் வாய்க்கால் மதகுக்கும் முன்பு மனு எழுதி இரண்டும் வந்து சேர்ந்தன. அந்தத் தைரியத்தில் இதையும் நானே எழுதுகிறேன்.

1. எங்கள் ஊரின் நடுவே வாய்க்கால் ஓடுகிறது. வடகரையில் நிலம் உள்ள குடும்பங்கள். தென்கரையில், அந்த நிலங்களில் தலைமுறையாக வேலை பார்த்து, இப்போது குத்தகைக்குக் கொஞ்சம் பயிரும் வைக்கும் நாங்கள். சென்ற ஆண்டு ஜூன் மாதம் தங்கள் பல்கலைக்கழகத்தார் இரு கரையிலும் இரத்த அழுத்தம் பார்த்ததில் தென்கரையில்தான் கூடுதலாக இருந்தது. காரணம் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்போம். ஆரம்ப சுகாதார நிலையம் ஐந்து கிலோமீட்டர். அங்கே மருத்துவர் இருக்கும் நேரமும் நாங்கள் சேற்றில் இருக்கும் நேரமும் ஒன்று.

2. அதன்பின் வடகரைக்கு வியாழன்தோறும் ஃபஹ்மிதா வந்தார். சமையலில் உப்பைக் குறைப்பது, மாத்திரையை இடையில் நிறுத்தாமல் சாப்பிடுவது ஆகியவற்றைக் கற்பித்து, வீட்டுக்கு ஒரு நீல நிற அளவுக் கரண்டியும் கொடுத்தார். தென்கரையில் அழுத்தம் மட்டும் பார்த்து, கூடுதலாக இருந்தவர்களுக்குச் சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதித் தந்து, ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து இரு கரையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு எங்களுக்கும் கற்பிப்பதாகச் சொன்னார்கள். அதாவது, அதுவரை நாங்கள் பழையபடியே இருக்க வேண்டும். இது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் இருந்திருப்போம் என்று உறுதி கூற இயலாது.

3. ஃபஹ்மிதாவிடம் நாங்கள் கேட்காமல் இல்லை. பாலத்தில் வழிமறித்தே கேட்டோம். ஒவ்வொரு முறையும், “அக்கா, அத நான் இப்ப சொல்லக் கூடாதுங்க. அடுத்த வருஷம் உங்களுக்கும் வருவேன்” என்றுதான் சொன்னார். எங்கள் தெருவில் அம்சம் என்பவர் வற்புறுத்திச் சாப்பிட வைத்த நாளில், குழம்பை ஒரு வாய் வைத்ததும் ஃபஹ்மிதாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அப்போதும் வாயைத் திறக்கவில்லை, சாப்பிட்டு முடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். முகம் மாறியது விதிமீறல் என்றால் அது ஒன்றுதான் அவர் செய்தது.

4. நடந்தது வேறு. அக்டோபரில் சம்பா நடவு. நடவு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்ட இந்தக் காலத்தில் வடகரைப் பெண்களும் எங்களோடு வயலில் இறங்குகிறார்கள். மதியம் எல்லோரும் ஒரே வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்போம். வடகரை பிரகதாம்பாள் அம்மாளின் வாளியில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் மட்டும் இருந்தன. ஊறுகாய் தீர்ந்துவிட்டதா என்று நான்தான் கேலியாகக் கேட்டேன். “தீரல செவ்வந்தி, நிறுத்திட்டேன். அந்தப் பொண்ணு உப்ப அளந்து காட்டுனதுலேர்ந்து ஊறுகா ஜாடியப் பாத்தாலே பயமா இருக்கு” என்றார். விவரம் கேட்டேன். பதினெட்டு நாள் நடவு, பதினெட்டு மதியம். வடகரையில் கற்பித்த அத்தனையும் எங்கள் வாளிக்கு வந்துவிட்டது. நீலக் கரண்டி எங்களிடம் இல்லாததால், பிரகதாம்பாள் அம்மாள் அதில் அளந்து கொண்டுவந்த உப்பை இருமல் மருந்து மூடியில் கொட்டிப் பார்த்து, மூடியில் கோடு போட்டுக்கொண்டோம். கருவாட்டைக் குறைக்கத்தான் கஷ்டமாக இருந்தது. என் கணவர் மருதையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

5. தை பிறக்கும் முன் வேறொரு குழுவினர் கணினிப் பலகையோடு வந்து மறுபடி அளவெடுத்தார்கள். உப்பைக் குறைக்க வேண்டும் என்பதை யார் மூலம் அறிந்தீர்கள் என்று கேட்டார்கள். மருத்துவர், ஆய்வாளர், தொலைக்காட்சி, கைப்பேசி என்று நான்கு பதில்கள்தான் அதில் இருந்தன. வரப்பு என்று ஒன்று இல்லை. முதல் ஆளாக உட்கார்ந்த நான், சொன்ன பிரகதாம்பாள் அம்மாளை விட்டுவிட்டு, அவருக்குச் சொன்னவரை நினைத்து, “அந்த ஆய்வாளர் பொண்ணு சொன்னதுதாங்க” என்றேன். நன்றி சொல்வதாகவே நினைத்தேன். எனக்குப் பின் வந்தவர்கள், செவ்வந்தி சொன்னதையே போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். இப்படி நாற்பத்தொரு பேர். அந்த நாற்பத்தொன்றைச் சாட்சியாக வைத்து, ஃபஹ்மிதா எங்களுக்கு ரகசியமாகக் கற்பித்து ஆய்வைக் கெடுத்தார் என்று நிறுத்திவிட்டார்கள். இந்த ஆய்வை நம்பியிருக்கும் அந்தப் பெண்ணின் மூன்றாண்டுப் படிப்பு என் ஒரு வார்த்தையில் போய்விடக் கூடாது.

6. எங்கள் அளவுகளும் பொய் என்று அக்கடிதம் ஐயப்படுகிறது. அம்சத்துக்கு ஜூனில் மேல் அளவு 172, ஜனவரியில் 138. உடம்பு நன்றாகிவிட்டது என்று முன்பு மாத்திரையை நிறுத்தியவர், இப்போது கிழமை தவறாமல் வாங்கிச் சாப்பிடுகிறார். தலை கிறுகிறுப்பு இல்லாமல் இந்த அறுவடைக்குக் கட்டுச் சுமந்தார். யாரை வேண்டுமானாலும் அனுப்பி மறுபடி அளந்து பாருங்கள். எங்களுக்கு அதில் சந்தோஷமே. டம்ளரைத் திருப்பித் தரச் சொன்னாலும் தந்துவிடுகிறோம், கரண்டி கிடைத்தால் போதும்.

7. ஃபஹ்மிதாவின் மேலதிகாரிகளையும் நான் குறை கூறவில்லை. நடுவில் வாய்க்கால் இருக்கிறது, இக்கரைப் பேச்சு அக்கரைக்குப் போகாது என்று நினைத்தே எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்ததாகக் கடிதத்தில் கண்டேன். என் மாமியார் காலத்தில் வந்திருந்தால் ஆய்வு ஒழுங்காக நடந்திருக்கும். அப்போது அவர்களுக்கு ஒரு வரப்பு, எங்களுக்கு வேறு வரப்பு. வாளியைத் திறந்தால்கூடத் திரும்பி உட்கார வேண்டும்.

ஆகவே ஐயா, கீழே கையொப்பமிட்ட நாற்பத்தொருவரும், எங்களோடு பிரகதாம்பாள் அம்மாள் உள்ளிட்ட வடகரைப் பெண்கள் இருபத்தாறு பேரும் வேண்டிக்கொள்வது: செல்வி ஃபஹ்மிதா மீது எடுத்த நடவடிக்கையை நீக்கி, சொன்ன வார்த்தைப்படி ஓராண்டு முடிந்ததும் அவரையே தென்கரைக்கு அனுப்ப வேண்டும். விசாரணை வேண்டுமெனில் என்னை அழையுங்கள், எந்தக் கிழமையும் வருவேன். ஆய்வு ஏன் கெட்டது என்று அறிக்கையில் எழுதியே ஆக வேண்டுமென்றால், ஆய்வாளர் பேரை அடித்துவிட்டு, இவ்வூரில் இப்போது இரு கரையாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். அதற்கு நாங்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடுகிறோம்.

இடம்: புங்கன்திடல்
நாள்: 24.02.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ம. செவ்வந்தி

இணைப்பு: இரு கரையார் கையொப்பங்கள், 67. கரை பிரிக்காமல், வந்து போட்ட வரிசையில்.