ராகலைக் கடையில் சாய்ந்த பரவளைவு

4, செவ்வாய்
காலையிலிருந்து பனி. எதிர்க்கடை போர்டு தெரியல. நனைஞ்ச குடை காய, விரிச்சே போட்டோ கொப்பி மெஷினுக்குப் பக்கத்துல வச்சிருக்கு. அக்கா, அதான் கடைக்காரம்மா, ரெண்டு தடவ ஏசிட்டாங்க.

டியூசன் வாத்தியார், எங்க சேர், கணக்குத் தாள் குடுத்தாங்க, டைப் பண்ண. கடைசிக் கேள்வி: y² − 4y − x + 5 = 0. மாத்தி எழுதி வரைபு கீறணும். விடையும் படத்தோட வேணுமாம். வர்க்கப் பூர்த்தி பண்ணினா x = (y − 2)² + 1. பக்கவாட்டுல படுத்த பரவளைவு. நம்ம கம்ப்யூட்டருக்கு y = மட்டும்தான் விளங்கும். விடுவேனா! y = (x − 2)² + 1 கீறி, படத்த வலப்பக்கம் ஒரு திருப்பு. இலக்கமெல்லாம் அழிச்சு புதுசா அடிச்சேன். நாப்பது கொப்பி. சேர் பின்னேர வகுப்புக்குக் கொண்டு போயிட்டாங்க.

ஏ.எல். உயர்தரப் பரீட்சைக்கு மூணு பேருக்கு ஒன்லைன்ல விண்ணப்பம் போட்டுக் குடுத்தேன். சனிக்கிழமை கடைசி நாள். என்னோடது இன்னும் போடல. இணைந்த கணிதம் ரெண்டு தடவையும் எஃப், ஃபெயில். மூணாவதும் போனா அவ்வளவுதான், இனி எழுத ஏலாது. பயம். அம்மா தேயிலக் கொழுந்து பறிக்கப் போறப்ப, "ஓம் இஷ்டம்"னு சொல்லிட்டுப் போச்சு. அது இன்னும் மோசம்.

5, புதன்
மத்தியானம். ரொட்டி, மொளகா இடிச்ச கட்டச் சம்பல். நேத்து மிஞ்சின கணக்குத் தாள்ல வச்சு சாப்பிட்டேன். சம்பல் உச்சிப் புள்ளியில ஒட்டிக்கிச்சு. தொடச்சுப் பார்த்தா உச்சி கீழ இருக்கு! (1, −2). கேள்விச் சமன்பாட்டுல போட்டுப் பார்த்தேன்: 4 + 8 − 1 + 5 = 16. சைபர் வரணுமே. ஐயோ!

திருப்பினா மேல் பக்கம் வலது ஆகுது, சரி. வலது பக்கம் கீழ போயிருது. அதுதான் கோளாறு.

திருப்பாத படத்த சதுரத் தாள்ல எடுத்தேன். மேல் வலது மூலை, கீழ் இடது மூலை ரெண்டையும் புடிச்சு அப்படியே பொரட்டி, ஜன்னல் வெளிச்சத்துல பின்பக்கமா பார்த்தேன். உச்சி (1, 2). அழகா வலப்பக்கம் வாயத் தொறந்துக்கிட்டு. சிரிப்பு வந்துச்சு, பிறகுதான் நெனப்பு வந்துச்சு. நாப்பது புள்ளைங்க கையில பிழையான படம்.

6, வியாழன்
அக்கா: "பேசாம இரு புள்ள. சேர் கீறினதுன்னு நெனச்சுக்குவாங்க."
முடியல. சேருக்கு போன் பண்ணிட்டேன்.
சேர்: "நானும் பார்க்காம குடுத்துட்டேனே. வகுப்புல ஒருத்தரும் கேக்கல. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க, சுகந்தி?"
சம்பல் கதைய சொன்னேன். சிரிச்சாங்க.
"சனிக்கிழமை வாங்க. நீங்களே காட்டிக் குடுங்க."

நானா போய் மாட்டிக்கிட்டேன். எந்தச் சட்டை?

7, வெள்ளி
மழை. நீலச் சட்டை காயல.

8, சனி
பச்சைச் சட்டை. கை முழுக்க சோக்குத் தூள்.

"நான்தான் பிழையா அடிச்சேன்"னு மொதல்லயே சொல்லிட்டேன். திருப்பாத படம் போட்ட சதுரத் தாள ஆளுக்கொண்ணு குடுத்தேன். பிறகு நாப்பது பேரும் ஜன்னலுக்கு ஓட்டம், கையால கண்ணாடிப் பனியத் தொடச்சுக்கிட்டு, தாள பொரட்டிக்கிட்டு. முன் வரிசைப் புள்ள ஒண்ணு, "மிஸ், வந்திருச்சு!"ன்னு கத்துச்சு. மிஸ்ஸாம்! எனக்குத் தலைகால் புரியல.

அதே புள்ள கேட்டுச்சு: "மிஸ் ஏ.எல்.ல மெட்ஸுக்கு என்ன ரிசல்ட்?"
"ரெண்டு தடவ எஃப்."
சேர் பலகையப் பார்த்தாங்க. புள்ள விடல:
"இந்த வருசம் எழுதுறீங்களா?"
"ஓம், எழுதுறேன்."
வாய் சொல்லிருச்சு. நான் யோசிக்கவே இல்ல.

கடைக்கு ஓடி வந்தா, கரண்ட் இல்ல. இன்னைக்குக் கடைசி நாள்! ரெண்டு மணி. மூணு. பிளேன்டீ ரெண்டு. ரோட்டுல நின்னு கம்பியையே பார்த்துக்கிட்டிருந்தேன். நாலு பத்துக்கு வந்துச்சு.

அக்கா: "யாருக்குப் புள்ள விண்ணப்பம்?"
"எனக்குதான் அக்கா."
கதிரைய இழுத்துப் போட்டு பக்கத்துல உக்காந்துட்டாங்க. கொப்பி எடுக்க வந்த ஆள்கிட்ட, "செத்த நில்லுங்க, புள்ளைக்கு அவசர வேல."

பேர். விலாசம். தோட்டத்து லயத்து வீட்டு நம்பர். பாடம் 1: இணைந்த கணிதம். ரெண்டு தடவ சரிபார்த்தேன். அமுக்கிட்டேன். போயிருச்சு.

இனி கரண்ட் போனா போகட்டும்.