லண்டன் தண்ணீர்மேல் போட்ட பழி

சால்ட்பாண்ட்
மே 14

அன்பு மகள் எக்குவாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளை எபோவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். முகத்தையும் காட்டுவதில்லை. கேட்டால் கேமரா கெட்டுப்போச்சு என்கிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். நான் எழுதுவதையாவது நீ பாதியில் வைக்காமல் படிப்பாய்.

முடி விஷயத்துக்கு வருகிறேன். லண்டன் தண்ணீர் சரியில்லை, முடியெல்லாம் உடைந்துபோயிற்று, அதனால் வெட்டிவிட்டேன் என்று போன வாரம் சொன்னாய். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு வைத்த மீன் குழம்புக்கு உப்புப் போட மறந்துபோனேன். உன் அப்பா சாவுக்கு நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தலை மழித்துக்கொண்டோமே, அதற்குப் பிறகு ஏழு வருஷம் வளர்த்த முடி அது. எவ்வளவு வெட்டினாய் என்று கேட்டால் "கொஞ்சந்தாம்மா" என்கிறாய். அந்த ஊரில் எல்லாரும் அதே தண்ணீரில்தானே குளிக்கிறார்கள்? அவர்களெல்லாம் மொட்டைத் தலையோடா திரிகிறார்கள்?

தண்ணீர்மேல் பழி போடாதே. நம் கிணற்றுத் தண்ணீர் என்ன இனிப்பா? கடலுக்குப் பக்கத்தில் தோண்டிய கிணறு, வாயில் வைக்க முடியாது. அதனால்தானே நான் மழைத் தண்ணீருக்கு டிரம் வைத்திருக்கிறேன். முதல் மழையை விட்டுவிடுவேன், அது தகரக் கூரையின் தூசியைக் கழுவுவதற்கு. இரண்டாவது மழையிலிருந்து பிடிப்பேன். உனக்கு அங்கே டிரம் வைக்க இடமில்லை என்றால் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற விடு. கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறது என்று நீயே ஒருமுறை சொன்னாய். அந்த வெள்ளை அடியில் தங்கட்டும், மேல் தண்ணீரை எடுத்துக்கொள்.

மறந்திருந்தால் திரும்பச் சொல்கிறேன். முடியை நாலாகப் பிரித்துக் கட்டு. ஒவ்வொரு பங்கையும் வேர்வரை நனை. நம் முடி சீக்கிரம் நனையாது, சுருளுக்குள் தண்ணீர் இறங்க நேரம் கொடு. விரல் நுனியால் மண்டையை அழுத்தித் தேய், நகம் படக்கூடாது. சிக்கை நுனியிலிருந்து வேர்ப் பக்கமாக விரலாலேயே பிரி. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்த முடியில் சீப்பு வைத்தால் உடையத்தான் செய்யும். பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே ஷியாக் கொட்டை வெண்ணெய் தடவிப் பின்னிவிடு. சோப்புப் போடாதே, வெறும் தண்ணீர் போதும். முதல் சில வாரம் பிசுபிசுக்கும், அரிக்கும். பொறுத்துக்கொள்.

பக்கத்துவீட்டு மான்சா இன்னும் என்மேல் குறைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். "உன்ன மாதிரி இன்னும் நாலு பேரு இருந்தா நான் சலூனப் பூட்டிட்டு மீன் விக்கத்தான் போகணும் அக்கா" என்கிறாள். பத்து நாளைக்கு ஒருமுறை காலையில் தலை கழுவ டிரம் பக்கத்தில் உட்கார்ந்தால், இரண்டு மணி நேரம் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரு முழுக்கத் தெரியும். அந்த நேரத்தில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

உன் பெரியம்மா மகன் கோபினா அடுத்த மாதம் லண்டனிலிருந்து ஊருக்கு வருகிறானாம். திரும்பும்போது அவனிடம் ஷியா வெண்ணெய் கொடுத்தனுப்புகிறேன்.

முடி போனால் போகட்டும், வளரும். நீ உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் உன் கூடவே இருக்கட்டும்.

உன் அம்மா,
அஜோவா


சால்ட்பாண்ட்
ஜூன் 23

என் கண்ணே எக்குவா,

போன கடிதம் உன் கைக்கு வந்திருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடு. மொட்டைத் தலை என்று நான் எழுதிய வரியை நினைத்தால் என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நான் இனி எழுதப்போவதற்குக் கோபினாவைத் திட்டாதே. அவன் வாயால் எதுவும் சொல்லவில்லை. வந்த மறுநாள் மான்சாவுக்கும் எனக்கும் போனில் படம் காட்டிக்கொண்டிருந்தான். தள்ளித் தள்ளிக் காட்டும்போது உன் வீட்டு வாசலில் நீ நிற்கும் படம் வந்துவிட்டது. சட்டென்று போனைத் திருப்பினான். ஆனால் இருபது வருஷமாகத் தலையைப் பார்த்தே பிழைக்கிற மான்சாவின் கண்ணுக்குத் தப்புமா?

"எக்குவா தலைய மழிச்சிருக்காளே, உங்க வீட்ல யாரு அக்கா செத்தது?" என்று கேட்டாள்.

யாரும் சாகவில்லை, லண்டன் தண்ணீர் சரியில்லை என்று சொன்னேன். நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் கோபினாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்பில் சோறு இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். உடைந்த முடியை வெட்டுவார்களே தவிர சவரக்கத்தியால் மழிக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும் எக்குவா. ஒரு மாதமாகத் தெரிய வேண்டாம் என்று இருந்திருக்கிறேன்.

அவள் போனதும் கோபினாவைக் கேட்டேன். "உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் சின்னம்மா" என்றான். அப்படியானால் வாயைத் திறக்காதே, நான் கேட்பதற்குத் தலையை மட்டும் ஆட்டு என்றேன். எக்குவாவுக்கு நோயா என்று கேட்டேன், இல்லை என்று ஆட்டினான். எபோவோடு சண்டையா, இல்லை. குழந்தையா என்று கேட்டேன். அவன் தலையை ஆட்டவில்லை, குனிந்துவிட்டான். எத்தனை நாள் இருந்தது என்று கேட்டதற்கு ஒரு கையை விரித்து ஐந்து விரலையும் காட்டினான். அதற்கு மேல் அவனை நான் எதுவும் கேட்கவில்லை.

ஆறு வருஷம் காத்திருந்தீர்கள், வயிற்றில் வந்ததை என்னிடமும் மறைத்து வைத்திருந்தாய். எட்டாம் நாள் பேர் வைத்த பிறகு என்னைக் கூப்பிட்டுத் திகைக்க வைக்கலாம் என்று இருந்திருப்பாய். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் மாப்பிள்ளை வீட்டார் விடியற்காலையில் பிள்ளையை வெளியே எடுத்துவந்து, நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சொட்டுச் சாராயமும் வைத்திருப்பார்கள். உன் நாக்கில் வைத்தது உன் அப்பா. தண்ணீரைத் தண்ணீர் என்றே சொல்லு, சாராயத்தைச் சாராயம் என்றே சொல்லு என்று மூன்று முறை சொல்லித்தான் வைத்தார். நீயோ தண்ணீரைச் சொல்லியே என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய். எனக்குக் கோபம் இல்லை. நீ ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எட்டு நாள் தங்காத பிள்ளை நம் வீட்டுப் பிள்ளை இல்லை, எட்டிப் பார்த்துவிட்டுப் போன விருந்தாளி என்பார்கள் நம் ஊரில். அதற்கு அழக்கூடாது, துக்கம் கேட்க ஆள் வரக்கூடாது, பெற்றவள் சந்தோஷ நாள்போல வெள்ளை உடுத்திக் கடலைச் சூப் குடிக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னால் அவளும் இதைத்தானே சொல்வாள் என்று நினைத்துவிட்டாய், இல்லையா?

ஒன்று சொல்கிறேன் கேள். உன் அப்பாவிடமும் நான் இதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. உனக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். மூன்று நாள் இருந்தாள். உன் அப்பா அப்போது கடலில் இருந்தார். என் மாமியார் வெள்ளைத் துணி எடுத்து வைத்தார், கடலைச் சூப் காய்ச்சினார். கெட்ட மனுஷி இல்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முழுக் கிண்ணத்தையும் என்னைக் குடிக்க வைத்தார். அதனால்தான் அதற்குப் பிறகு கடலைச் சூப் நம் வீட்டில் காய்ச்சியதே இல்லை. உனக்குப் பிடிக்காது என்று ஊரிடம் உன்மேல் பழி போட்டேன்.

அன்றைக்கு மான்சாவின் அம்மாவிடம் போய் என் தலையை மழித்துவிடச் சொன்னேன். "விருந்தாளிக்கு யாராச்சும் தல மழிப்பாங்களா? போயி தலைக்குத் தண்ணி ஊத்து, தெளிஞ்சிரும்" என்று அனுப்பிவிட்டார். வந்து டிரம் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினேன். குனிந்து ஊற்றினால் கண்ணிலிருந்து வருவது எது, தலையிலிருந்து வருவது எது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. சோப்புப் போட்டால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வெறும் தண்ணீர் என்றால் இரண்டு மணி நேரம் ஆகும். நான் சோப்பை விட்டது அதனால்தான் எக்குவா. முடிக்கு நல்லது என்பதெல்லாம் பிறகு கண்டுபிடித்தது. நாற்பத்தோரு வருஷமாகப் பத்து நாளைக்கு ஒருமுறை உன் அக்காவுக்காக உட்கார்ந்திருக்கிறேன். சிக்கு எடுக்க உன்னையும் மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேலே சூடாக விழுகிறதே, என்னம்மா என்று நீ ஒருமுறை கேட்டாய், வெயிலில் இருந்த தண்ணீர் என்றேன். தண்ணீர்மேல் பழி போட உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

என்னால் செய்ய முடியாததை நீ செய்துவிட்டாய். உன் பிள்ளைக்கு நீ தலை மழித்துக்கொண்டாய். யாரையும் கேட்கவில்லை. படத்தில் உன் தலையைப் பார்த்தபோது எனக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு பெருமையாக இருந்தது.

நேற்றுக் காலையில் மான்சாவின் சலூனுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து மழிக்கச் சொன்னேன். அவள் உடனே சவரக்கத்தியை எடுத்து மழித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு செம்பு போதுமாக இருந்தது. இந்த முறை நிமிர்ந்து உட்கார்ந்தே ஊற்றிக்கொண்டேன், அழுததை வாசலில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

கோபினாவிடம் ஷியா வெண்ணெயும் ஒரு பாட்டில் மழைத் தண்ணீரும் கொடுத்திருக்கிறேன். லண்டனில் பெய்யாத மழையா சின்னம்மா என்று சிரித்தான், ஆனாலும் துணிக்கு நடுவில் சுற்றி வைத்துக்கொண்டான். இது இந்த வருஷத்து இரண்டாவது மழை. மாப்பிள்ளையை ஊற்றச் சொல்லி உன் தலையில் வைத்துக்கொள். அவரும் உன் பக்கத்தில் உட்கார்ந்து அழட்டும், ஆம்பிளை என்று தடுக்காதே. முடி வரும்போது மெதுவாக வரட்டும், அவசரமில்லை.

என் மொட்டைத் தலையைப் பார்த்துத் தெருவில் கேட்கிறார்கள், யாருக்கு என்று. என் பேரப்பிள்ளைக்கு என்று சொல்கிறேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். சிலர் நின்று, பேரென்ன என்று கேட்கிறார்கள். அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

எட்டாம் நாள் வைக்கிற பேர் வைக்காமல் போயிருக்கலாம். ஆனால் நம்மில் ஒவ்வொரு கிழமைக்கும் ஆணுக்கு ஒரு பேர், பெண்ணுக்கு ஒரு பேர் உண்டே; பிறந்த கிழமையின் பேரை யாரும் வைக்க வேண்டியதில்லை, அது பிள்ளையோடு கூடவே வருவது. உன் அக்கா ஞாயிற்றுக்கிழமை பிறந்தாள். அவள் பேர் எசி. இதுவரை அதை நான் சத்தமாகச் சொன்னதில்லை, நேற்றுத்தான் சொன்னேன். எனக்கு நீ பெரிய கடிதம் எழுத வேண்டாம், போனில் பேச வேண்டாம், நல்லா இருக்கேன் என்றும் சொல்ல வேண்டாம். ஆணா பெண்ணா, என்ன கிழமை என்று இரண்டே வார்த்தை எழுதி அனுப்பு. பேர் சொல்லிக் கூப்பிட்டு அழ வேண்டும் மகளே.

காத்திருக்கும் உன் அம்மா,
அஜோவா