டாக்டர் விற்காத சத்துப்பொடி

ஐப்பசி 9, வியாழன்.

கால்நடை ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டு என் தீவனக் கம்பெனியில் சேர்ந்த டாக்டரை இன்று ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனேன். முப்பது மாடு வைத்திருக்கும் பால்காரர் வீடு. இந்த ஆர்டர் கிடைத்தால் சத்துப்பொடி வியாபாரம் காலூன்றிவிடும். "மாட்டைத் தொடாதீங்க டாக்டர். பொடியைப் பத்தி மட்டும் பேசுங்க" என்று காவேரிப் பாலத்திலேயே சொல்லி வைத்தேன்.

கொட்டகைக்குள் நுழைந்ததுமே மனுஷர் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒவ்வொரு மாட்டுக்கும் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"பொடி போட்டா பால் கூடுமாங்க?" என்றார் பால்காரர்.

"பொடி எதுக்குங்க? வயித்துல பூச்சி இருக்கு. ஆஸ்பத்திரியில சும்மாவே மருந்து தருவாங்க."

பால்காரர் அவருக்குக் காபி கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு.

"பழக்கம் முதலாளி. அடுத்த இடத்துல வாயே திறக்க மாட்டேன்" என்றார் டாக்டர், திரும்பும்போது.

"வாயைத் திறக்காம பொடியை எப்படிங்க விக்கிறது?"

நாளைக்கே வேலையை விட்டு நிறுத்திவிடுவது என்றுதான் வீட்டுக்கு வந்தேன். "நம்ம சிவப்பி ரெண்டு நாள்ல கன்னு போட்டுடும். டாக்டரைக் காலையில வரச் சொல்லியிருக்கேன்" என்கிறாள் மனைவி.

சரி, கன்று பிறக்கட்டும். அதற்குள் தொட்டியருகே இருக்கும் நம் பொடி மூட்டையை ஒளித்துவைக்க வேண்டும். சிவப்பிக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.