கம்ப்யூட்டரில் நம் வீடு

கல்கத்தா,
12.8.88

அன்புள்ள தமயந்திக்கு,

நான் சௌகரியம். உன் இடுப்பு வலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? அத்தையையும் கேட்டதாகச் சொல்.

ஆபீஸில் இப்போது கட்டட பிளான்களைக் கம்ப்யூட்டரில் வரையச் சொல்கிறார்கள். அறையைச் சுற்றிக் கோடு இழுத்தால் எத்தனை சதுர அடி என்று அதுவே சொல்லிவிடும். பழகுவதற்கு ஏதாவது ஒரு வீட்டை வரையச் சொன்னார் எங்கள் சீனியர் தாஸ் பாபு. நம் வீட்டை வரைந்தேன். ஒரு அறைக்கும் கணக்கு வரவில்லை. காகிதத்தில் வரைகிற பழக்கத்தில் கதவுக்கெல்லாம் இடைவெளி விட்டிருந்தேன்.

"கதவு இருக்கிற இடத்திலும் கோடு போடு மருதமுத்து. முழுக்க அடைத்தால்தான் கணக்கு வரும்" என்றார்.

"அப்புறம் வீட்டுக்காரன் எப்படி சார் உள்ளே போவான்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வாசலை அடைத்ததும் கணக்கு வந்தது. அதற்குள் லோட்ஷெட்டிங் என்று கரண்டை நிறுத்திவிட்டார்கள். பதிந்து வைக்காததால் வீடு அப்படியே போய்விட்டது. பெரிய விஷயமில்லை, நாளைக்கு மறுபடி வரைந்துவிடலாம்.

துர்கா பூஜை லீவுக்கு ஊருக்கு வர முடியாது போலிருக்கிறது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாயும் இரண்டு பனியனும் கொடுத்தனுப்பு.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. பாப்பாவை எந்த அறையில் படுக்க வைக்கிறாய், தலைமாடு எந்தச் சுவர்ப் பக்கம்? நான் கிளம்பி வந்தபின் பிறந்தவள். பிளானில் அவளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

உன்,
மருதமுத்து