மேல் அடுக்கு மட்டும்

திங்கள், ஆவணி 9
ஆனைக்குட்டம் பக்கம் மேகம். இடியில்லை, பட்டாசு வேலை முழுநாளும் நடந்தது.
நேற்று விருதுநகரில் அஞ்சல்வழி வகுப்பு. வணிகப் புள்ளியியல், நான்காம் பாடம்: திட்ட விலக்கம். ஐம்பது வயதில் ஒரு சூத்திரத்தின் முன் எழுந்து நிற்கத் தோன்றியது. சராசரி நடுவை மட்டும் காட்டும். ஒவ்வொன்றும் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை இது காட்டுகிறது. விலகல்களை அப்படியே கூட்டினால் சுழி. ஆகவே வர்க்கம். எவ்வளவு நேர்மையான உபாயம்.
வாங்க: கால்குலேட்டர் பேட்டரி, கட்டம் போட்ட நோட்டு, கருப்பட்டி.

செவ்வாய், ஆவணி 10
வெயில். என் சோதனைப் பதிவேடுகளைப் புரட்டினேன். ஃபோர்மேனாக இருபது ஆண்டு. லோடுக்குப் பத்து வெடி. திரி பற்றியதிலிருந்து வெடிக்கும் வரை வினாடிக் கணக்கு. சராசரி ஆறு. விலக்கம் அரை வினாடிகூட இல்லை. பெருமை.
மாலையில் ஐந்தாம் பாடம். மாதிரியைச் சமவாய்ப்பில் எடுக்க வேண்டுமாம். நான் எடுப்பது எப்போதும் பெட்டியின் மேல் அடுக்கு. கை எட்டும் இடம். பெருமை குறைந்தது.

வியாழன், ஆவணி 12
காற்று. நாளை செல்ல வேண்டிய லோடுக்குப் பெட்டி எண், அடுக்கு எண் எழுதிச் சீட்டுக் குலுக்கினேன். பேக்கிங்கில் மூத்தவர் பேச்சியம்மாள்: "குலுக்கல்ல எனக்கு ஒரு பவுன் விழுமா சார்?" மற்றவர்கள் சிரிப்பு.
அடி அடுக்குச் சீட்டு வந்ததும் சிரிப்பு நின்றது.
"அங்கன எதுக்கு சார்? நல்லதெல்லாம் மேலதான வச்சிருக்கோம். நீங்க மேலதான எடுப்பீக."
"ஏன் அப்படி?"
"விருந்தாளி இலையில ஒடஞ்ச அப்பளத்தையா வைப்பாக?"
இருபது ஆண்டும் நான் அளந்தது இவர்களின் மரியாதையை.
திறந்தவெளியில் சோதனை. எட்டு வெடி, தலா ஏழு வினாடி. அடி அடுக்கில் வந்த இரண்டு வெடி, தலா இரண்டே வினாடி. கொளுத்துபவர் கையை இழுப்பதற்குள் வெடித்துவிடும். சராசரி அதே ஆறு. விலக்கம் 2.1. சராசரி மறைத்ததை இந்த ஓர் எண் மறைக்கவில்லை. மறுபடியும் கணக்கிட்டேன், அதே விடை.

வெள்ளி, ஆவணி 13
லாரி காலையிலேயே வாசலில். லோடை அனுப்பும் சோதனைத் தாளில் கையெழுத்திடவில்லை.
முதலாளி: "சராசரி ஆறுன்னுதான எழுதிருக்கீக. சீசன் நேரத்துல என்ன இது?"
"வாங்குறவுக சராசரியவா கொளுத்துவாக, முதலாளி? ஒத்த வெடியத்தான் கொளுத்துவாக."
தாளை வாங்கிப் பார்த்தார். "அப்போ இம்புட்டு வருசமாப் போட்ட கையெழுத்து?"

லாரியைத் திருப்பியனுப்பினார். அவ்வளவு பெட்டியையும் பிரிக்கச் சொன்னார். பேச்சியம்மாள் முதல் பெட்டியை அடியிலிருந்து பிரித்தார்; அப்படிச் செய்ய யாரும் சொல்லவில்லை.
மதிய உணவுக்கு முன் பழைய பதிவேடுகளை எடுத்து, ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் எழுதிக் கையெழுத்திட்டேன்: 'மேல் அடுக்கு மட்டும்.'