ஒப்பந்தம் உண்டு, பெஞ்சு இல்லை

அனுப்புநர்:
பெஞ்சு பட்டறை உரிமையாளர்,
மருத்துவமனைக்குப் பின்தெரு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மையக் கொள்முதல் அலுவலகம்.

பொருள்: கட்டமைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகியும் மகப்பேறுப் பிரிவுக்கு ஒரு பெஞ்சுகூட ஆணையிடப்படாதது – தலையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மருத்துவமனைகளுக்குப் பெஞ்சு வழங்க, தங்கள் அலுவலகம் சென்ற ஆண்டு மூன்று பட்டறைகளுடன் கட்டமைப்பு ஒப்பந்தம் செய்தது. அதில் என்னுடையதும் ஒன்று. நான்காண்டுகளுக்கு விலையும் தரமும் முடிவாகிவிட்டன. தேவைப்படும்போது மருத்துவமனை ஆணை அனுப்பினால், நாங்கள் முறைவைத்துச் செய்து தர வேண்டும். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முதலில் ஆணை வரட்டும், அப்புறம் மீசையை முறுக்கலாம் என்று என் மனைவிதான் அடக்கிவைத்தாள்.

2. ஆணை வரவே இல்லை. மருத்துவமனைக் கண்காணிப்பாளரைக் கேட்டேன். ஒப்பந்தம் போட்ட மைய அலுவலகமே பெஞ்சை அனுப்பிவைக்கும் என்று காத்திருப்பதாகச் சொன்னார். தங்கள் பிரிவு எழுத்தரைக் கேட்டேன். ஆணையிட வேண்டியது மருத்துவமனைதான் என்றார். அவர் சொன்னதே சரி. அதை மருத்துவமனைக்குத் தெரிவித்தீர்களா என்றதற்கு, அவர்கள் கேட்கவில்லையே என்றார். நானே போய்ச் சொன்னதற்கு, மையத்திலிருந்து எழுத்தில் வரட்டும் என்றார் கண்காணிப்பாளர். இருவரும் நல்லவர்கள், எனக்குத் தேநீரும் கொடுத்தார்கள். ஒப்பந்தம் நடப்பில் இருப்பதால் புதிதாக ஒப்பந்தப்புள்ளி கோரவும் முடியாதாம். போட்டியின்போது முகம் கொடுத்துப் பேசாத மற்ற இரு பட்டறைக்காரர்களும், உங்களுக்காவது வந்ததா என்று விசாரித்து விசாரித்து நண்பர்களாகிவிட்டார்கள். அந்த வகையில் ஒப்பந்தத்தால் பலனில்லை என்று சொல்ல மாட்டேன்.

3. என் மகள் நிறைமாதம். மகப்பேறுப் பிரிவில் உருப்படியான பெஞ்சு ஒன்றுதான். சென்ற வாரம் பரிசோதனைக்குப் போனவள், சுவரில் சாய்ந்து நின்றபடி, "ஊருக்கெல்லாம் பெஞ்சு செய்யிறீங்க, நான் நிக்கிறேனேப்பா" என்றாள். எனக்கு மனம் தாங்கவில்லை. மறுநாளே மாதிரிக்குச் செய்துவைத்திருந்த பெஞ்சை மாப்பிள்ளையும் நானும் தூக்கிக்கொண்டு போனோம்.

4. வாயிலைத் தாண்டியதும் காவலர் மறித்தார். "ஆர்டர் இல்லாம உள்ள விட முடியாது. வெளிய எடுத்துட்டுப் போகவும் கேட் பாஸ் வேணும். இங்கயே இருக்கட்டும்" என்றார். கடமை தவறாத மனிதர், அவர்மீது புகார் ஏதுமில்லை. பெஞ்சு வாயிலிலேயே நிற்கிறது. இப்போது கர்ப்பிணிகள் அதில்தான் வரிசையாக உட்காருகிறார்கள். செவிலியர் வாயில்வரை வந்து பெயர் கூப்பிடுகிறார். எடை பார்க்கும் கருவியும் சனிக்கிழமை அங்கே குடிவந்துவிட்டது. காவலர் தன் நாற்காலியையும் கொடுத்துவிட்டு நின்றே காவல் காக்கிறார். பேச்சும் சிரிப்புமாக இடம் களைகட்டியிருக்கிறது. ஆனால் அங்கே நிழல் இல்லை, ஐயா. என் மகள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

5. ஆகவே, ஒப்பந்தம் வேறு, ஆணை வேறு, ஆணையை அந்தந்த மருத்துவமனையே அனுப்ப வேண்டும் என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் நாலு வரியில் ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆணை எனக்கே வர வேண்டும் என்பதில்லை. முறை யாருடையதோ அவர்கள் செய்யட்டும், நானும் கூடப் போய்த் தூக்கிவைக்கிறேன். மகளுக்கு இம்மாதக் கடைசியில் பிரசவம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அலுவலக நடைமுறைக்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் காத்திருப்பேன். என் பேரப்பிள்ளை காத்திருக்காது, ஐயா.

இடம்: பட்டறை
நாள்: திங்கட்கிழமை

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
பெஞ்சு பட்டறைக்காரர்