அறுபது கிராம் அரிசியும் உன் பேர் வெட்டிய கிண்ணமும்

இராஜபாளையம்,
18-4-93, ஞாயிறு.

அன்புள்ள மகள் பூரணத்துக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். வழக்கத்துக்கு எழுதுகிற சுகம் இல்லை இது, லேப் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிற சுகம். வாரங்கல் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய் என்று பொறவு எழுது, முதலில் விஷயத்தைக் கேள். அம்மாவின் கால் விரல் தப்பித்துவிட்டது. வியாழக்கிழமை மதுரைக்குப் போய் வந்தோம். புண் முழுக்க மூடி ரோஸ் நிறத்தில் புதுத் தோல் வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் நூற்றுப் பன்னிரண்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நூற்று அறுபத்தெட்டு. ஜனவரியில் முந்நூற்று நாற்பது என்ற சீட்டைக் காட்டி, மூன்று மாதத்தில் இது இறங்கி வரவில்லை என்றால் பெருவிரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்ன அதே டாக்டர், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, விரல் உங்ககிட்டயே இருக்கட்டும்மா என்றார். உன் அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். நான் அழவில்லை, சீட்டை இன்னொரு தடவை படித்தேன்.

இனி உன் பிப்ரவரிக் கடிதத்துக்கு வருகிறேன். அதற்கு அப்போது ஒரு கார்டில், மனுவைக் கொடுக்காதே, ஏப்ரலில் எழுதுகிறேன் என்று இரண்டு வரிதான் போட்டேன். கோபித்திருப்பாய். அது முட்டாள்தனமான கடிதம் என்பதால் அதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை. படிப்பை விட்டுவிட்டு வந்து அம்மாவுக்கு அளந்து சமைத்துப் போடுகிறேன், டி.சி. கேட்டு மனு எழுதித் தயாராக வைத்திருக்கிறேன், பரீட்சைக்கு விண்ணப்பம் போடப் போவதில்லை என்று நாலு பக்கம். இந்த ஊரிலிருந்து அந்தக் காலேஜுக்கு இடம் கிடைத்துப் போன பெண் நீ ஒருத்திதான் என்று எதிர்வீட்டு சுப்புராஜ் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார், நீ அங்கே பேசுகிற தெலுங்கு தன் வீட்டில் கற்றது என்று வேறு. அப்படிப்பட்டவள் சோறு அளக்க வருகிறாளாம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடிதம் வந்த வாரம் இங்கே நிலைமை மோசமாகத்தான் இருந்தது, காரணம் நான்.

டாக்டர் கொடுத்த உணவுத்தாளில் மத்தியானத்துக்கு அரிசி அறுபது கிராம் என்று இருந்தது. எனக்கு இது போதாதா. எங்கள் பஞ்சு மில் லேபில் கழித்துப் போட்ட பழைய தராசைக் கேட்டு வாங்கி வந்து, துடைத்து, எடைக்கல் சரிபார்த்து, அடுப்படியில் வைத்துவிட்டேன். குக்கரைத் திறந்ததும் சோற்றை அள்ளித் தட்டில் வைத்து அறுபது கிராம் நிறுத்தேன். பார்த்தால் ஒரு எலுமிச்சம்பழ அளவு. உன் அம்மா, இது காக்காய்க்கு வைக்கிற அளவால்லா இருக்கு என்றாள். நாக்கைக் கட்டாமல் சுகர் எப்படி இறங்கும் என்று சத்தம் போட்டேன். அவளும் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு, அந்த எலுமிச்சம்பழத்தை டப்பாவில் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்கு பஸ் ஏறினாள். ஐந்து நாள். நீல மருந்தில் சிறுநீரைக் காய்ச்சும் சோதனையில் நிறம் செங்கல் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது, சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே நிற்க வேண்டும், நானும் கிராப் தாளில் புள்ளி வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஆறாவது நாள் தாலுகா ஆபீசில் மூன்றே முக்காலுக்கு அவளுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பைலில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கிறது. நல்லவேளை, பக்கத்து மேசை வஞ்சுளவல்லி மாமி பார்த்துவிட்டார். அவர் கணவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை, அதனால் இது சுகர் தாழ்ந்து போனது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பியூனுக்குப் பெண் பிறந்ததற்கு அன்று வழங்கிய பால்கோவாவில் ஒரு உருண்டையை எடுத்து அம்மாவின் வாயில் திணித்தார். எந்தப் பால்கோவாவை நான் வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தேனோ அதுதான் அன்று காப்பாற்றியது. மயக்கம் தெளிந்த பிறகு மாமி அம்மாவின் பையிலிருந்த உணவுத்தாளை வாங்கிப் படித்திருக்கிறார். இது அரிசிக்குன்னா எழுதியிருக்கா, சாதத்தை நிறுத்துப் போடச் சொன்னது யாரு, எந்த காலேஜ்ல படிச்சார் உங்க ஆத்துக்காரர் என்று கேட்டாராம். அறுபது கிராம் என்பது வேகாத அரிசிக்கு, பூரணம். வெந்தால் அது தண்ணீர் குடித்து நூற்று எழுபத்தைந்து ஆகிறது, அன்று சாயந்திரமே வேகவைத்து நிறுத்துப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்குச் சோற்றைப் போட்டு முழு மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன். உன் அம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டு, பஞ்சுல எட்டரை சதவீதம் ஈரம்னு ஊருக்கே கணக்குச் சொல்ற ஆளு, சோத்துல தண்ணி கெடக்கத மறந்துட்டியளே என்றாள். என் பதினெட்டு வருஷ சர்வீசில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அப்போதே இதை உனக்கு எழுத உட்கார்ந்தபோது அவள்தான், எழுதாதிய, அந்தப் புள்ள அழுதுகிட்டே ரயிலேறி வந்துருவா என்று தடுத்தாள்.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஏச்சு வாங்கினேன், மாத்திரை அப்படியே இருக்கட்டும், சோற்றைச் சரியாகப் போடுங்கள் என்றார். அதோடு தராசு வேலை முடிந்தது. இனி இந்த இரும்பை அடுப்படியில் பார்க்கக் கூடாது என்று உன் அம்மா சொல்லிவிட்டு, பரணிலிருந்த பாத்திரங்களை இறக்கி ஒவ்வொன்றாகச் சோறு போட்டுக் கடைசியாக ஒரு தடவை என்னை நிறுக்கச் சொன்னாள். உன் ஞானஸ்நானத்துக்கு அத்தை கொடுத்த எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறதே, பரிபூரணம் 9-3-75 என்று வெட்டியது, அது தலை தட்டி நூற்று எழுபத்தைந்து. ஒரு கிராம் கூடுதல் குறைவு இல்லை. அன்றிலிருந்து அதுதான் படி. மத்தியானம் அந்தக் கிண்ணத்துக்குத் தலை தட்டிச் சோறு, கும்பாரம் கூடாது. அதே கிண்ணத்தால் இரண்டு கிண்ணம் காய், அவரையோ புடலையோ கீரையோ. ஒரு துண்டு மீன், புதன்கிழமை சாளை. காலையில் மூன்று இட்லி, சட்டினி எவ்வளவு வேண்டுமானாலும். பதினொரு மணிக்கு மோர், ஒரு கொய்யாக்காய், அது தவறவே கூடாது. நாலு மணிக்கு ஒரு கை சுண்டல். ராத்திரி இரண்டு சப்பாத்தி. ஆபீசில் யாராவது இனிப்பு கொடுத்தால் ஒரு ஸ்பூன் மட்டும், அன்று ராத்திரி ஒரு சப்பாத்தி குறையும். இதையெல்லாம் டாக்டரிடம் காட்டிச் சரி என்று வாங்கிய பிறகுதான் நடத்துகிறோம். கேப்பைக் களி சுகருக்கு நல்லதாம், எம்புட்டு வேணும்னாலும் சாப்பிடலாம் என்று தெருவே வந்து சொன்னது. இரண்டு உருண்டை தின்றுவிட்டு சோதனை பண்ணினோம், ஆரஞ்சு. கேப்பை ஆனாலும் அளவு அளவுதான். நானும் இதையேதான் சாப்பிடுகிறேன், தொப்பை போய்விட்டது. போன வாரம் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் என்னை உன் அம்மாவுக்குத் தம்பியா என்று கேட்டுவிட்டான். இரண்டு நாள் எனக்கு மோர் கிடைக்கவில்லை.

ஈஸ்டர் அன்றுதான் எனக்குப் பயம். பிரியாணி. ஒரு கிண்ணம் தலை தட்டி எடுத்தாள், வெங்காயப் பச்சடி இரண்டு கிண்ணம், மறு சோறு கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துச் சோதனைக் குழாயைக் காய்ச்சினேன். நீலம், பூரணம். அடுப்பில் வைக்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே நீலம். உன் அம்மா அதை ஜன்னலில் தூக்கிப் பிடித்து சுப்புராஜ் வீட்டைப் பார்த்துக் காட்டினாள், அந்த மனிதர் ஏதோ மருந்து என்று நினைத்துக் கும்பிட்டார். இன்று காலை இரண்டு காலிலும் செருப்புப் போட்டு, கட்டு இல்லாமல், சர்ச்சுக்கு நடந்தே வந்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு. நான் பின்னால் நடந்தேன், அவள் நடையைப் பார்க்க.

ஆகையால் அந்த மனுவைக் கிழித்துப் போடு. பரீட்சை விண்ணப்பத்துக்கு முப்பதாம் தேதி கடைசி நாள் என்று நீதான் எழுதியிருந்தாய், இந்தக் கடிதம் சேர ஐந்து நாள் ஆகும், கிடைத்த அன்றே போய்ப் போடு, போட்ட விவரத்தை ஒரு கார்டில் எழுது. நீயும் மெஸ்ஸில் காலைச் சாப்பாட்டைத் தவறவிடாதே, இந்த வியாதி அம்மா வழியில் உனக்கும் வரலாம், வருஷம் ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொள். அம்மா தன் கையால் எழுதுகிறேன் என்றாள், பொறவு நீங்களே எழுதுங்க, எனக்கு நடக்கணும் என்று தெருமுனை வரை போயிருக்கிறாள். கர்த்தர் உன்னைக் காத்து, எடுத்த படிப்பை முடிக்க வைப்பார். உன் பேர் போட்ட கிண்ணம் தினமும் இங்கே உன் வேலையைச் செய்கிறது, நீ அங்கே உன் வேலையைச் செய். லீவுக்கு வரும்போது உனக்குத் தட்டுதான், அம்மா கிண்ணம் தரமாட்டாளாம்.

உன் அப்பா,
ஞானதுரை.